காற்று வைத்த பிறகுதான் எண்ணெய்

"முதல்ல என்ன வாங்கணும்க்கா?" என்று கேட்டிருந்தீர்கள். சொந்தமாக மசாஜ் அறை திறக்கப் போகிற பிள்ளைகள் நீங்கள். பயிற்சி முடித்து, சான்றிதழ் வாங்கி, எந்தத் தசை எந்த எலும்பில் ஒட்டியிருக்கிறது என்று படம் வரைந்து சொல்லக்கூடியவர்கள். என்னிடம் அதெல்லாம் கிடையாது. தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறையில் துண்டு மடிக்கவும் தரை துடைக்கவும் சேர்ந்தவள் நான். பார்த்துப் பார்த்துக் கை பழகியது. தனியாகச் செய்தால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது, வெளியே வந்துவிட்டேன். இப்போது கட்டை விரல்கள் இரண்டும் இனி முடியாது என்று சொல்லிவிட்டதால் நிறுத்திக்கொண்டேன். ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: தெரியவில்லை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் முதலில் வாங்கியது மேஜை. முகம் வைக்க ஓட்டை போட்ட உயரமான மேஜை. அதைப் பார்க்க வந்த முதல் அம்மா வாசலோடு நின்றுவிட்டார். "ஏளா, இதுல ஏறிப் படுத்தா நான் எறங்கி வருவனா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் போனவர்தான். மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் பாய் விரித்தேன். பாயில் படுத்தவர்கள், "இதுக்கு நான் வீட்லயே படுத்துக்கிடுவேனே" என்றார்கள். கடைசியில் முகம் வைக்கிற ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு மேஜை மேல் பாயை விரித்தேன். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. ஏன் பிடித்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கினால் சொல்லுங்கள்.

வாசலில் மாட்டுகிற பலகையின் கதை அதைவிடக் குழப்பம். அறை கொடுத்தவர் எஸ்தர் டீச்சர். நாசரேத் பக்கம் பிறந்தவர், பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுத்து ஓய்வு பெற்றவர். மாடியில் அவர் இருந்தார், கீழே தெருவைப் பார்த்த முன்னறை எனக்கு. சாவியைக் கையில் வைக்கும்போதே சொல்லிவிட்டார்.

"பலகையில மசாஜ்னு எழுதக்கூடாது. ஆம்பள ஒருத்தன் உள்ள காலெடுத்து வைக்கக் கூடாது. இதுல எது தப்புனாலும் அன்னைக்கே சாவிய வாங்கிக்கிடுவேன். பேப்பர்ல என்னென்னமோ வருது. நீ அப்படிப்பட்டவ இல்லன்னு எனக்குத் தெரியுது, தெருவுக்குத் தெரியணும்லா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மசாஜ் என்று எழுதாமல் வேறு என்ன எழுத? பிசியோதெரபி என்றால் நான் படித்தவள் இல்லை. வைத்தியசாலை என்றால் வைத்தியர் இல்லை. கடைசியில், 'கை கால் வலிக்கு எண்ணெய் தேய்த்து விடப்படும், பெண்களுக்கு மட்டும்' என்று எழுதி மாட்டினேன். வந்த முதல் பெண் தூக்குவாளியை நீட்டி, "அரை லிட்டர் ஊத்துங்க. செக்கு எண்ணெய்தான?" என்றாள். அவளை உட்காரவைத்து நான் செய்கிற தொழில் என்னவென்று விளக்கினேன். விளக்கி முடித்தபோது அவளுக்குப் புரிந்திருந்தது. எனக்குத்தான், நான் என்ன தொழில் செய்கிறேன் என்பதில் பழைய தெளிவும் போயிருந்தது.

அந்த நாட்களில் என்னைக் காப்பாற்றியது ரோஸ்லின். திரேஸ்புரத்துக் கடற்கரையில் மீன் ஏலம் எடுத்துக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்கிறவள். எங்கள் தெருவுக்கும் வருவாள். கூடையை இறக்கிவைத்து மீன் எடுக்கக் குனிந்தவளைப் பார்த்ததும் என் கை தானாக அவள் கழுத்துக்குப் போய்விட்டது. இது எனக்கு ஒரு வியாதி. யாராவது கழுத்தைத் திருப்ப முடியாமல் நின்றால் கேட்காமலே கை போய்விடும். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் தோளைப் பிடித்துவிட்டு ஏச்சு வாங்கியிருக்கிறேன். ரோஸ்லின் ஏசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "எக்கா, என் கழுத்துல யாரோ உக்காந்து ஊஞ்சல் ஆடிக்கிட்டு இருந்தா. இப்பதான் எறங்கிப் போறா" என்றாள்.

அன்றிலிருந்து அவள் வாய்தான் எனக்கு விளம்பரம். வாரம் தவறாமல் யாரையாவது கூட்டி வருவாள். மீன் விற்கிறவர்கள், வலை பின்னுகிறவர்கள், கருவாடு காயவைக்கிறவர்கள். எனக்கு அவர்கள் வலியைவிட, வலியைப் பற்றி அவர்கள் சொல்வதுதான் ரொம்பப் பிடிக்கும். ஆறுமுகநேரியிலிருந்து வந்த உப்பளத்து அம்மா ஒருவர், "வெயிலு உள்ளங்கால் வழியா ஏறி முட்டில குடியிருக்கு" என்பார். எஸ்தர் டீச்சரே ஒரு நாள் இறங்கி வந்து படுத்துக்கொண்டு, "கரும்பலகை இன்னும் இந்தத் தோள்லதான் தொங்குது" என்றார். இதையெல்லாம் நான் மனதில் சேர்த்து வைப்பேன். சிரிப்பதற்காகத்தான் சேர்த்தேன். போகப் போக ஒன்று புரிந்தது. யார் எப்படிச் சொன்னாலும், சொல்லிக்கொண்டே ஒரு விரல் போய் ஓர் இடத்தைத் தொடும். கழுத்தில் ஊஞ்சலாடுகிறவளுக்கும் முட்டியில் குடியிருக்கிற வெயிலுக்கும் விலாசம் உண்டு. விலாசம் தெரிந்தால் நாம் போய்க் கதவைத் தட்டலாம்.

இனி சொல்லப் போவதுதான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தது. இதில் நான் செய்தது சரியா என்று பல பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆளுக்கொரு பதில்.

ரோஸ்லினின் வீட்டுக்காரர் சேவியர் சங்கு குளிக்கிறவர். எங்கள் கடலில் முத்தெல்லாம் பேச்சில்தான் இருக்கிறது, கைக்கு வருவது சங்குதான். படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் டியூபை வாயில் கவ்விக்கொண்டு ஆழத்துக்கு இறங்கி, நெடுநேரம் அடியிலேயே கிடந்து சங்கு பொறுக்கி ஏறுவார்கள். ஏறிய பிறகு சில நாள் மூட்டில் வலி வரும். 'காத்து பிடிச்சிருச்சு' என்பார்கள். அதற்கு அவர்களிடம் ரெண்டு வைத்தியம். ஒன்று, யாரையாவது விட்டுச் சூடாக எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது. இன்னொன்று, திரும்பவும் கடலுக்குள் இறங்குவது. இறங்கினால் வலி விட்டுவிடுமாம். உண்மையாகவே விட்டுவிடும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். மறுபடி ஏறும்போது என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ரோஸ்லின் இறங்கினாள். பின்னாலேயே சேவியர். நல்ல ஆகிருதியான ஆள், இடது முழங்கையை வலது கையால் தாங்கிக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைத் தூக்கி வருகிறவர் மாதிரி நடந்து வந்தார். பலகையில் 'பெண்களுக்கு மட்டும்' என்பதைப் பார்த்துவிட்டுப் படியிலேயே நின்றார்.

"எக்கா, இவரு தோள நல்லா அமுக்கி உட்டுருங்க. காத்து பிடிச்சிருக்கு. நாளைக்குத் தொழிலுக்குப் போணும்" என்றாள் ரோஸ்லின்.

"நான் உள்ள வரலக்கா. இங்கன படியில உக்காந்துக்கிடுதேன். சட்டைய மட்டும் கழட்டுனா போதும்லா?" என்றார் சேவியர்.

"எங்கன வலிக்கு?" என்று கேட்டேன்.

"தோள்லதான்." கொஞ்சம் யோசித்தார். "இல்ல, முட்டிலயும் இருக்கு. ஆட்டோவுல வரும்போது இடுப்புல நின்னுச்சு. யாரோ உள்ள வாடகைக்கு வீடு தேடி அலையுதான்க்கா. ஒரு இடமும் பிடிக்க மாட்டேங்கு அவனுக்கு."

வேறு நாளாக இருந்தால் நான் சிரித்து, அதையும் சேர்த்து வைத்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. அவர் விரல் எந்த இடத்தையும் தொடவில்லை. காற்றில் ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டது.

"காலு எப்படி இருக்கு?"

"பஞ்சு மூட்டை மேல நிக்க மாதிரி இருக்கு. அது ஒண்ணுமில்ல, ஆட்டோவுல மடக்கி உக்காந்ததுல மரத்திருக்கும்."

ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, இப்படி ஒரு சங்கு குளிக்கிறவரைக் கொண்டுவந்து மூக்கில் மூடி போட்டு ஆக்சிஜன் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவர் நல்லபடியாக நடந்து வீட்டுக்குப் போனாரா என்றுகூடத் தெரியாது. அன்று நான் மொட்டை மாடியில் துண்டு காயப்போடப் போய்விட்டேன். பாருங்கள், ஒருவருடைய கால் போகுமா இருக்குமா என்று தீர்மானிக்க வேண்டிய நேரத்தில் என்னிடம் இருந்த அறிவு, ஒரு கதவு வழியாகப் பாதி பார்த்த காட்சி.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன்.

சேவியர் சிரித்தார். "ஆஸ்பத்திரிக்குப் போனா படம் புடிப்பான், ஒண்ணுமில்லம்பான். ஒரு நா பொழப்பு போயிரும். உங்களால முடியாதுன்னா சொல்லிருங்கக்கா, ஒண்ணும் நினைக்க மாட்டேன். படகு அங்கனதான் நிக்கி. நான் போயி ஒரு முங்கு முங்கிட்டு வாரேன். கீழ போன உடனே விட்டுரும்."

ரோஸ்லின் என் பக்கம் திரும்பினாள். எப்போதும் ஊரையே விலைக்கு வாங்குகிற மாதிரிப் பேசுகிறவள், குரலை இறக்கிச் சொன்னாள். "போன தடவ அப்படித்தாங்க்கா முங்குனாரு. ஏறுன பிறகு ஒரு காலு இவரு பேச்சக் கேக்கல. ராத்திரி பூரா மாதாவக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அதான் இன்னைக்குக் கடலுக்கு விடாம இங்க இழுத்துட்டு வந்தேன். நீங்க முடியாதுன்னு சொல்லிராதீங்க."

அப்போது மாடியிலிருந்து சத்தம். "யாரு அங்கன? ஆம்பளக் குரலா கேக்கு?"

பிள்ளைகளா, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தேய்த்துவிட்டால், தெரியாத ஒன்றின் மேல் கை வைக்கிறேன். என்ன ஆகும் என்று தெரியாது, அறையும் போகும். தேய்க்க மாட்டேன் என்றால் அவர் நேராகக் கடலுக்குப் போவார். தப்பித்துக்கொள்ள நல்ல சாக்கு மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. 'வீட்டுக்காரம்மா ஆம்பளைய விடமாட்டாங்க தம்பி, நான் என்ன செய்ய' என்று ஒரு வார்த்தை போதும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. சேவியர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஆட்டோவைத் திரேஸ்புரத்துக்குத் திருப்பச் சொல்லியிருப்பார்.

என் வாயிலிருந்து வந்தது வேறு. எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

"செய்யுறேன் தம்பி. தாராளமா செய்யுறேன். ஆனா என் எண்ணெய் சும்மா இறங்காது. காத்து பிடிச்ச உடம்புக்கு முதல்ல ஆஸ்பத்திரியில மூக்கு வழியா நல்ல காத்து ஏத்தணும். அந்தக் காத்து போயி உள்ள நிக்கிற கெட்ட காத்தத் தள்ளணும். அதுக்குப் பிறகு தேச்சாத்தான் எண்ணெய் வேலை செய்யும். இல்லன்னா தோல் மேலயே வழிஞ்சு போயிரும்."

சேவியர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இது என்ன புது வைத்தியமா இருக்கு?"

"ரொம்பப் பழசு" என்றேன். ஒன்று சொன்ன பிறகு இரண்டாவது சிரமமாக இல்லை.

"அக்கா சொல்லுதாங்கல்லா! அக்கா எண்ணெய் அப்படித்தான், எல்லா உடம்புக்கும் ஒரே மாதிரி கேக்காது" என்று ரோஸ்லின் பிடித்துக்கொண்டாள். அவள் நம்பினாளா, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்தால் போதும் என்று பிடித்தாளா, தெரியவில்லை.

இதற்குள் எஸ்தர் டீச்சர் கடைசிப் படிக்கு வந்துவிட்டார். நான் சொன்னதை முழுதாகக் கேட்டிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சயின்ஸ் எடுத்தவர். அவர் முன்னால் நின்று நல்ல காற்று கெட்ட காற்றைத் தள்ளும் என்று சொல்லியிருக்கிறேன். என் அறை, பலகை, பாய் போட்ட மேஜை எல்லாம் தெருவில் கிடப்பது போல ஒரு கணம் தெரிந்தது.

டீச்சர் சேவியரை மேலும் கீழும் பார்த்தார். "ஏலே, காலு மரத்திருக்குன்னா சொன்ன?"

"ஆமா டீச்சர், லேசா."

"அப்போ படியில நின்னு என்னல பட்டிமன்றம்? சயின்ஸ் டீச்சர் சொல்லுதேன், காத்து ஏத்தாம இவ எண்ணெய் இறங்காது. ஏறு ஆட்டோவுல."

ஆட்டோ போனது. தெருமுனை திரும்புகிற வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"உன் எண்ணெயில என்னளா இருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

"நல்லெண்ணெய். அதுல சுக்கும் ஓமமும் டீச்சர்."

"அதுக்கும் ஆக்சிஜனுக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரியல டீச்சர்."

"எனக்கும் தெரியல." படியேறப் போனவர் நின்று திரும்பினார். "ஆனா எண்ணெய் போடுதேன்னு வாக்குக் குடுத்திருக்க. அவன் திரும்பி வருவான்லா? ஆம்பள உள்ள வரக்கூடாதுன்னு நான் சொன்னது சொன்னதுதான். என்ன செய்யப் போறேன்னு யோசிச்சுக்கோ."

அதையும் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சேவியர் கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். வலி போய்விட்டது, கால் தரையை உணர்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது. பார்த்த டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். நான் யாரென்று சொன்னதும் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போய்விட்டார்.

"நீங்கதானா அது? எண்ணெய் இறங்கணும், காத்து வைங்கன்னு வந்து நிக்காரு. என்ன கேஸ்னு நான் எழுதுறது?"

"தப்பா டாக்டர்? நான் அனுப்புனது?"

"அனுப்புனது சரி. ஆழத்துல இருந்து ஏறுனவங்களுக்குக் கால் மரத்தா உடனே வரத்தான் செய்யணும். இது தோள் தசைப் பிடிப்பா இருந்திருந்தா படுத்து எந்திரிச்சதுலயே குறைஞ்சிருக்கும். காத்துப் பிடிப்பா இருந்தா ஆக்சிஜன்ல குறைஞ்சிருக்கும். நான் காத்துன்னுதான் நினைக்கேன். அடிச்சுச் சொல்லச் சொன்னா சொல்ல மாட்டேன்."

அப்போ எதுக்காக இவ்வளவும் என்று எனக்குத் தோன்றியது. நான் காப்பாற்றியது ஒரு காலையா, ஒரு சாதாரணத் தசைப் பிடிப்பையா? டாக்டருக்கே தெரியவில்லை என்றால் நான் யாரிடம் போய்க் கேட்க?

கிளம்பும்போது டாக்டர் கூப்பிட்டார். சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஒரு உதவி செய்யுங்க" என்றார். "இவரு கொஞ்ச நாளைக்கு முங்கவே கூடாது. உடம்ப அழுத்தித் தேய்க்கவும் கூடாது. நான் சொன்னா சரி சரின்னுட்டு நாளைக்கே படகுல ஏறிருவாரு. நீங்க... உங்க எண்ணெய் பேரைச் சொல்லியே சொல்லிருங்க."

சயின்ஸ் டீச்சர் ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம். நான் கட்டிய கதையில் ஆளுக்கொரு செங்கல் வைக்கிறார்கள். திரும்பப் போய்க் கட்டில் பக்கம் நின்று, "சேவியரு, காத்து ஏத்தின பிறகு டாக்டரம்மா சொல்லுற வரைக்கும் தண்ணிக்குள்ள போகக்கூடாது. போனா என் எண்ணெய் பலிக்காது" என்றேன்.

"அப்படியாக்கா?" என்றார் சேவியர், இட்லியைச் சட்னியில் தோய்த்தபடி.

டாக்டர் சொன்ன ஓய்வு நாட்கள் முடிந்ததும் சேவியர் வந்தார். நான் வாசலில் நிற்கிறேன், அவர் படியில் நிற்கிறார், ரோஸ்லின் நடுவில். உள்ளே கூப்பிட முடியாது, போகச் சொல்லவும் முடியாது. மாடியிலிருந்து தடதடவென்று சத்தம். டீச்சர் ஒரு நாற்காலியை ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டே இழுத்து வந்தார். அதை வாசல் நிலைக்கு நடுவே போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்து, பேப்பரை விரித்தார்.

"கதவச் சாத்தாத. நான் பேப்பர் படிக்கேன். நீ உன் வேலையப் பாரு" என்றார் என்னிடம்.

படிக்கிறேன் என்றால் மனதுக்குள் அல்ல. வகுப்பில் படிப்பது போல, தெருக்கோடி வரைக்கும் கேட்க. உள்ளே ஒரு ஆண் இருக்கிறான் என்பதும், வீட்டுக்காரம்மா வாசலில் இருக்கிறாள் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மேஜையில் குப்புறக் கிடந்த சேவியருக்கு அன்றைய செய்தி பூராவும் கிடைத்தது. மன்னார் வளைகுடாவில் பலத்த காற்று வீசும் என்று டீச்சர் படித்ததும், ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"டீச்சர், அப்போ நாளைக்குக் கடல் கிடையாதா?"

"கிடையாது. பேசாம படுல."

ரோஸ்லின் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் சங்கு குளிக்கிறவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். வலி வந்தால் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் டாக்டர் சொன்ன ஓய்வு, அதற்கப்புறம் என் அறை. சேவியர்தான் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். "அந்த அக்கா எண்ணெய்க்குக் காத்து வைக்கணும்ல" என்று. ஆண்களுக்கு என்று தனியாக ஒரு நாள் ஒதுக்கினோம். அன்று டீச்சரின் நாற்காலி வாசலுக்கு வந்துவிடும். பலகையிலிருந்து 'பெண்களுக்கு மட்டும்' என்பதை டீச்சரே சுண்ணாம்பு தொட்டு அழித்தார். அதைத் தாண்டி எந்த விளம்பரமும் நான் செய்ததில்லை.

எனக்குத்தான் உறுத்தியது. நம்மை நம்பி உடம்பைக் கொடுக்கிறவர்களிடம் இப்படி ஒன்றைச் சொல்லி வைத்திருக்கலாமா? ஒரு நாள் துணிந்து, வந்திருந்த ஒரு பையனிடம் உண்மையைச் சொன்னேன். "தம்பி, எண்ணெய்க்கும் காத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போறது உன் நல்லதுக்கு. என் எண்ணெய் சும்மா உடம்பு அசதிக்கு." அவன் கவனமாகக் கேட்டான். மேஜையில் எழுந்து உட்கார்ந்தான். பிறகு கேட்டான்: "அப்போ எண்ணெய் வேண்டாம்னா காத்தும் வேண்டாம். அப்படித்தானக்கா?"

"இல்ல, இல்ல, வேணும். காத்து வச்சாத்தான் எண்ணெய் இறங்கும். சும்மா சொன்னேன்" என்று அவசர அவசரமாகப் பழைய இடத்துக்கே ஓடி வந்துவிட்டேன்.

விரல்கள் ஓய்ந்து, அறையை விடப் போகிறேன் என்று தெரிந்ததும் சேவியர் கடைசியாக ஒரு தடவை வந்தார். டீச்சர் வாசலில் கண்ணயர்ந்திருந்தார். தேய்த்து முடித்துத் துண்டைக் கொடுக்கும்போது சொன்னேன்.

"சேவியரு, போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். அன்னைக்குப் படியில வச்சுச் சொன்னேன்லா, காத்து, எண்ணெய்னு. அது நானா சொன்னது."

"தெரியும்க்கா."

"தெரியுமா? எப்போத்துல இருந்து?"

"படியில நிக்கும்போதே."

"பிறகு ஏன்யா போன?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "ரோஸ்லின் சொல்லுவா, அந்தக்கா கை நம்மளக் கேக்காமலே வலிக்கிற இடத்துக்கு வந்துரும்னு. நான் தோள் வலிக்குன்னு வந்து நிக்கேன். நீங்க ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு நின்னீய. என்னைய ஒரு விரலால கூடத் தொடல. எனக்குக் கடல்ல பயம் வந்தது கிடையாதுக்கா. உங்க கையக் காணோம்னதும் வந்துச்சு."

என் கை எங்கே இருந்தது என்பது எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் நினைவில்லை.

"அப்போ ஏன் ஊர் பூரா அந்தக் கதையச் சொல்லி வச்ச?"

"வேற எப்படிச் சொல்ல? பயந்துபோயி ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன்னு சொன்னா கூட்டாளி சிரிப்பான், அவனும் போமாட்டான். எண்ணெய்க்காகப் போனேன்னு சொன்னா, அவனும் அந்த எண்ணெய் வேணும்னு வாரான். வந்தான்லா எல்லாரும்?" துண்டை மடித்துப் பாயின் மேல் வைத்தார். "நீங்க யார்ட்டயும் சொல்லிராதீங்க. இப்போதான் ஒழுங்காப் போறானுவ."

அவர் போன பிறகு மேஜையிலிருந்து பாயை எடுத்துச் சுருட்டினேன். இதில் யார் யாரை ஏமாற்றியது? நான் அவரையா, அவர் என்னையா, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கடற்கரையையா? அல்லது கடற்கரையில் எல்லாருக்கும் இது தெரிந்து, எல்லாரும் எல்லாருக்காகவும் நம்புவது போல நடிக்கிறார்களா? எஸ்தர் டீச்சரிடம் கேட்டேன். "உனக்கு வேற வேலை இல்லையா?" என்றார்.

உங்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுதியாகச் சொல்ல முடியும். விலாசம் இல்லாத வலி வந்து நின்றால், உங்கள் கை எங்கே போகிறது என்று பாருங்கள். அது பின்னால் போனால் போகட்டும். முன்னால் இழுத்து வராதீர்கள். மற்றதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன வாரம் மீன் வாங்கப் போன இடத்தில் ஒரு சங்கு குளிக்கிற பையன் என்னை நிறுத்தினான். "எக்கா, நீங்க விட்டுட்டீயளாமே. இனி புதுசா வருத அக்காமார் எண்ணெய்க்கும் காத்து வைக்கணுமா? இல்ல, நேரா எண்ணெய்க்கே போயிரலாமா?"

"வைக்கணும். கண்டிப்பா வைக்கணும்" என்றேன்.

உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். ஆகவே உங்கள் எண்ணெய்க்கும் காற்று வேண்டும் பிள்ளைகளா. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.